‘வாங்க’ என்று சொல்லாத வீடுகள்

மனநலப் பிரிவில் முதல் முறை என் பெயரைக் கூப்பிட்டபோது நான் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். தாதி இரண்டு தடவை கூப்பிட்டது மேலேயிருந்து தெளிவாகவே கேட்டது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டாரா என்று தெரியாது. அதற்குள் நான் கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டிவிட்டேன். எனக்குத் துணையாக ஜொகூர் பாருவிலிருந்து லீவு போட்டு வந்திருந்த மல்லிகா அக்கா அப்போது கீழே கேண்டீனில் எனக்காக மைலோ வாங்கிக்கொண்டிருந்தாள். பத்து வாரம் காத்திருந்து கிடைத்த தேதி அது.

நோயைப் பற்றி எழுதுபவர்கள் சிகிச்சையைப் பற்றி எழுதுகிறார்கள், குணமானதைப் பற்றி எழுதுகிறார்கள். நடுவில் கையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு சும்மா காத்திருக்கும் வாரங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு நோயைவிட அந்த வாரங்கள்தான் கொடுமையாக இருந்தன. அதனால் அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. குருபோங்கில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியாகச் சின்னச் சின்ன மின்னணுச் சில்லுகளைப் பார்த்து, பழுதானவற்றை ஒதுக்கிவைக்க வேண்டும். சில்லுகள் பேசாது. ஒன்பது வருஷம் நிம்மதியாக ஓடியது. நன்றாக வேலை செய்தால் தண்டனை உண்டு என்று தெரியாமல் நன்றாகவே செய்துவிட்டேன் போலிருக்கிறது, என்னை லைன் லீடர் ஆக்கிவிட்டார்கள். லைன் லீடர் தினமும் காலையில் பதினைந்து பேர் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

மூன்றாம் நாள் காலை பேச வாயைத் திறந்தேன். நெஞ்சை யாரோ உள்ளிருந்து பிடித்துக் கசக்கியது போல இருந்தது. விரல்கள் மரத்துப்போயின. தொழிற்சாலை வேனில் ஏற்றி மருத்துவமனை அவசரப் பிரிவில் இறக்கினார்கள். நெஞ்சிலும் கைகாலிலும் ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைத் தாளில் வரைந்து எடுத்தார்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஒரு புரதம் கசியுமாம். அது இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள், சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. இளம் டாக்டர் ஒருவர் தாளைப் பார்த்தபடி, "ஹார்ட் ஓகே. அந்த நேரத்துல எதுக்காச்சும் பயந்தீங்களா?" என்று கேட்டார். காலையில் பேச வேண்டியிருந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன், மனசுக்குள்தான்.

பிறகு எங்கள் குடியிருப்பான தாமானுக்குப் பக்கத்திலிருக்கும் அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த மலாய் டாக்டர் அம்மா நிறையக் கேள்விகள் கேட்டுவிட்டு நோய்க்குப் பெயர் சொன்னார். தமிழில் சமூகப் பதற்றம் என்று சொல்லலாம். கூச்சம் வேறு, இது வேறு. கூச்சக்காரன் கல்யாணத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்துகொள்வான். நான் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பிருந்தே தூங்காமல் கிடப்பேன். கடைசியில் போகாமல் இருந்துவிட்டு, போயிருந்தால் என்னென்ன உளறியிருப்பேன் என்று நினைத்து ஒரு வாரம் வெட்கப்படுவேன். போன் அடித்தால் நின்ற பிறகுதான் கையில் எடுப்பேன். இவ்வளவு காலமும் என் சொந்தக்காரர்கள் இதற்கு வைத்திருந்த பெயர் திமிர். டாக்டர் வைத்த பெயர் அதைவிட மரியாதையாக இருந்தது.

தினம் ஒரு மாத்திரை கொடுத்தார். அது உடனே வேலை செய்யாது, சில வாரம் ஆகும் என்றார். முக்கியமான வைத்தியம் பேச்சு வழியாகத்தான், அதற்குப் பெரிய மருத்துவமனையில் உளவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதித் தந்தார். உயிரோடு இருக்கவே பிடிக்காமல் போனால் தேதிக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும் என்பதையும் இரண்டு தடவை சொன்னார். அந்தக் கடிதத்துக்குக் கிடைத்த தேதியைத்தான் நான் படிக்கட்டில் இறங்கித் தொலைத்தேன்.

அக்கா அன்று மாலை என் அறைக்கு வந்து பேசியதை அப்படியே எழுதுகிறேன். "சூப்பர்வைசர் கால்ல விழாத கொறையா லீவு கேட்டு வந்தேன்டா. மைலோ வேணும்னு என்னைய கீழ அனுப்பிட்டு ஓடிட்ட. உன் பேரக் கூப்பிட்ட மிஸி என்கிட்ட கேக்குறாங்க, உங்க தம்பி எங்கன்னு. நான் என்னத்த சொல்றது? போதும்லா. இனிமே நீயா போ, நீயா வா." சொல்லிவிட்டு என் அழுக்குத் துணிகளை அள்ளித் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

கிளினிக்கில் மறுபடியும் தேதி கேட்டு வாங்கித் தந்தார்கள். ஒன்பது வாரம். இதையும் தவறவிட்டால் கடிதம் செல்லாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். தொழிற்சாலையிலும் அந்தத் தேதிவரைதான் என்னைப் பழைய நாற்காலியில் உட்கார விட்டிருந்தார்கள். மருத்துவமனையில் காத்திருக்கும் கூடத்தில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், என் பெயரைக் கூப்பிடுவார்கள், நான் எழுந்து நிற்க வேண்டும். உலகத்தில் எல்லாரும் செய்கிற காரியம். எனக்கு அது மட்டும் வராது.

அதுவரை வீட்டில் அடைந்து கிடக்காதே என்று டாக்டர் அம்மா ஒரு பயிற்சி சொல்லித்தந்தார். ஆட்கள் கூடியிருக்கும், ஆனால் பேசத் தேவையில்லாத ஓர் இடத்தில் போய் உட்கார வேண்டும். பயம் ஏறும். அது உச்சிக்குப் போகும்போது ஓடிவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தேன் என்று உடம்பு நம்பிவிடும். அது தானாக இறங்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம்தான்.

முதலில் கோயிலுக்குப் போனேன். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு எல்லார் காதிலும் விழும்படி பெயர், நட்சத்திரம், ராசி என்றார். தட்டையும் விட்டுவிட்டு வந்துவிட்டேன். காப்பிக்கடையில் உட்கார்ந்த மறுகணம் என்ன வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றார். பிறகு இதே நோய் உள்ளவர்களுக்கென்று இணையத்தில் நடக்கும் ஒரு கூட்டத்தில் முகத்தை மறைத்துச் சேர்ந்தேன். பேசப் பயப்படுகிறவர்கள் ஒவ்வொருவரும் இப்போது இரண்டு நிமிடம் பேசலாம் என்றார்கள். அணைத்துவிட்டேன். தனிமை எனக்குப் பழகியதுதான், ஆனால் அந்த வாரம் அது வேறு மாதிரி இருந்தது. உதவி செய்ய ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் நிற்கிற இடத்துக்கு என்னால் போக முடியவில்லை. அறையில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டாவது வாரம் எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். வீட்டு வாசலில் கூடாரம் போட்டுத் தெருவையே அடைத்துவிட்டார்கள். என் மோட்டார் சைக்கிளை எடுக்க அந்தக் கூடாரத்துக்குள் நுழைந்துதான் போக வேண்டும். நுழைந்தவன் தாண்டிப் போக முடியாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒருவரும் "வாங்க" என்று சொல்லவில்லை. எப்படி இருக்கீங்க, கல்யாணம் ஆயிருச்சா, எங்க வேலை, ஒன்றும் கேட்கவில்லை. சாவு வீட்டில் யாரையும் வரவேற்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, கிளம்பும்போது போய்வருகிறேன் என்றும் சொல்லக் கூடாது. என் நோய்க்கென்றே நம் முன்னோர்கள் ஒரு வீடு கட்டிவைத்திருப்பது எனக்கு முப்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. இருபது நிமிடம் இருந்தேன். நெஞ்சு படபடத்தது, பிறகு தானாக அடங்கியது.

அதன்பிறகு தாமான் வாட்சாப் குழுவில் வரும் மரண அறிவிப்புகளைப் பார்க்கத் தொடங்கினேன். படம், பெயர், வீட்டு முகவரி, எடுக்கும் நேரம் எல்லாம் அதில் இருக்கும். குருபோங்கில் இரண்டு வீடு, பாச்சாங்கில் ஒரு வீடு. வேலை முடிந்து போவேன், இறந்தவரின் காலடியில் கும்பிடுவேன், கடைசி வரிசையில் உட்காருவேன், எழுந்துபோகும்போது ஆளில்லாத நாற்காலிகளை அடுக்கிவைப்பேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிப்பேன். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று செய்கிறோமோ என்று உறுத்தாமல் இல்லை. ஆனாலும் பாச்சாங்கில் நாற்பது நிமிடம் இருந்தேன். அன்று இரவு அக்காவுக்கு அதைச் செய்தியாக அனுப்பினேன். அவள் பதிலாகக் குரல் அனுப்பினாள்: "சாவு வீட்டுக்கெல்லாம் போறியா? சாப்புடாம போகாத. பருப்புப்பொடி தபால்ல போட்டிருக்கேன், வந்துச்சா?" கோபம் தீர்ந்துவிட்டது என்று அதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

ஆறாவது வாரம் பத்து பெரண்டாமில் ஒரு வீடு. இறந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கடைசி வரிசையில் இடமில்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டேன். சுற்றிலும் ஆட்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. பயத்தில் எனக்கு அப்படித்தான் ஆகும். ஆனால் எழவில்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்ற இரண்டு பெண்கள் என்னையே பார்ப்பது தெரிந்தது. ஒருவர் உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்து காட்டினார்.

கொஞ்ச நேரத்தில் வேட்டி கட்டிய ஒருவர் கையில் ஒரு பாக்கெட் பார்லித் தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். இறந்தவரின் ஒரே மகன், குமரேசன்.

"குடிங்க தம்பி. ரொம்ப நேரமா இருக்கீங்க."

வாங்கிக்கொண்டேன்.

"அம்மா நல்லா இருக்காங்களா?"

என் அம்மாவை இவருக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. ஆனால் ஒருவரைத் திருப்பிக் கேள்வி கேட்பதெல்லாம் நான் அப்போது நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். "தவறிட்டாங்க," என்றேன். "ஆறு வருஷம் ஆச்சு."

அவர் முகம் மாறிவிட்டது. "எங்களுக்குத் தெரியாமப் போச்சே. அப்பா ஒரு வார்த்த சொல்லல." பிறகு குனிந்து, அடங்கிய குரலில் பேசினார். "இங்க பாருங்க தம்பி, எனக்கு உங்கமேல கோவம் இல்ல. அப்பா பதினெட்டு வருஷம் கே.எல். ரூட்ல பஸ் ஓட்டுனாரு, வாரத்துல நாலு நாள் அங்கதான் தங்குவாரு. அத்தைதான் உங்களப் பாத்துட்டுச் சொன்னாங்க, நெத்தி அப்படியே அவரு நெத்தின்னு. எங்க அம்மா உள்ள இருக்கு. அதுக்கு மட்டும் இன்னைக்குத் தெரிய வேணாம். எடுத்த பொறகு நாம பேசிக்கலாம்."

எனக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. என்னை அந்த மனிதருக்கு வெளியூரில் பிறந்த பிள்ளை என்று முடிவு கட்டியிருந்தார்கள். அழுதுகொண்டு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கும் அறிமுகமில்லாத ஆளை வேறு என்னவென்று நினைப்பார்கள்? எழுந்துவிட்டேன். கால் தானாக கேட்டை நோக்கி நடந்தது. மோட்டார் சைக்கிள் எதிரிலேயே நின்றது. ஏறிவிட்டால் முடிந்தது. ஆனால் நான் ஓடினால் அதுவே சாட்சியாகிவிடும். ஒரு பாவமும் அறியாத மனிதர் பெட்டியில் படுத்திருக்கிறார், எழுந்து வந்து இல்லை என்று சொல்ல அவரால் முடியாது. உள்ளே அவருடைய மனைவி. இத்தனை வருஷமும் நான் ஓடியதெல்லாம் எனக்கு மட்டும்தான் நஷ்டம். இது அப்படியில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். "அண்ணே, நான் உங்க தம்பி இல்ல," என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "உங்க அப்பாவ எனக்குத் தெரியாது. குரூப்ல போட்டோ பாத்துட்டு வந்தேன்."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"எனக்கு ஒரு சீக்கு. ஆளுங்க முன்னாடி இருக்க முடியாது. ஆஸ்பத்திரில கூப்பிட்டப்ப ஓடிட்டேன். இன்னும் மூணு வாரத்துல மறுபடி போவணும். அதுக்குப் பழகத்தான்... இங்கதான் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. மன்னிச்சிருங்க."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஐயோ, அழவைத்துவிட்டோமே என்று பதறினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கும்போதுதான் உண்மையாகவே அழுதார். துடைத்துக்கொண்டு சொன்னார்: "நேத்துலேருந்து எல்லாத்தையும் நான் ஒருத்தனே ஓடி ஓடிப் பாக்குறேன் தம்பி. அத்தை வந்து சொன்னப்ப கோவம் வரணும்ல? வரல. கூட ஒரு ஆளு கெடச்சுதுன்னுதான் தோணுச்சு." பிறகு எழுந்து, "பெட்டி தூக்க ஒரு கை கொறையுது. பேச வேணாம், தூக்குனா போதும். முடியுமா?" என்று கேட்டார்.

தூக்கினேன். இடது பக்கம், பின்னால். நான் யாரென்று அத்தைக்கு அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது, அத்தையின் பார்வை மட்டும் மாறிவிட்டது.

அன்று கிளம்பும்போது குமரேசன் என் நம்பரையும் முகவரியையும் வாங்கிக்கொண்டார். அவர் லைசென்ஸ் எடுப்பவர்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார். நாள் முழுக்கப் பயந்தவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அவருடைய தொழில். எனக்கு அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாலை வேலை முடிந்ததும் என்னை மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போய், தேதியில்லாத அந்த நாளில் அதே கூடத்தில் உட்காரவைத்தார். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து, "போலாமா" என்றார்.

எல்லாம் ஏறுமுகம் என்று நினைத்துவிடாதீர்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் கூப்பிட்டார், நான் போகவில்லை. அன்று சாவு வீடு மறுபடியும் சாதாரண வீடாகிவிடும், வாசலில் நின்று வரவேற்பார்கள். சட்டையெல்லாம் போட்டு, தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன். அன்று முழுக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். ஒரு மனிதர் நம்பிக் கூப்பிட்டும் போக முடியாதவன் இருந்தென்ன என்று தோன்றியது. சாயங்காலம் வெளியே வந்து பார்த்தால் கதவுப் பிடியில் சோற்றுப் பொட்டலம் தொங்கியது. அவர் கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் திறந்திருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தேதி வந்தது. கூடம் நிறைந்திருந்தது. எனக்காகப் பதில் சொல்லக் கூடாது என்று குமரேசனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். தாதி என் பெயரைச் சொன்னார். உடம்பு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. மறுபடியும் சொன்னார், சுற்றிப் பார்த்துவிட்டு என் அட்டையை அடுக்கின் அடியில் வைக்கப் போனார். குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் கையைத் தூக்கினேன். "ஆடா," என்றேன். பள்ளிக்கூடத்தில் வருகைக்குச் சொல்வோமே, இருக்கிறேன் என்று, அதேதான். எழுந்து நடந்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை என்பது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

உள்ளே இருந்த நிபுணர் ஒரு தமிழ்ப் பெண், என்னைவிட இளையவர். யாரோடு வந்தீர்கள் என்று தமிழில் கேட்டார். "அண்ணன்கூட" என்று வாயில் வந்துவிட்டது. நல்லது என்று எழுதிக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினார், பேசவைத்தார். கடைசியில், "குடும்பத்துல ஒருத்தர்கிட்ட கொஞ்சம் கேக்கணும். அண்ணன கூப்பிடுறீங்களா?" என்றார்.

அண்ணன் இல்லை என்று திருத்தியிருக்கலாம். கதவைத் திறந்தேன். "அண்ணே" என்றேன். கூடத்துச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, "குமரேசன் அண்ணே, உள்ள கூப்புடுறாங்க" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காது எரிந்தது. அவர் வந்து சேரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நிபுணர் தாளைப் புரட்டிவிட்டு, "தம்பி சின்ன வயசுல எப்படி? அப்பவே இப்படித்தானா?" என்று கேட்டார்.

குமரேசன் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னார்: "தெரியாதுங்க டாக்டர். எனக்கு இவரு கெடச்சே மூணு வாரம்தான் ஆவுது."